தொப்பிக்குக் கீழே ஒரு தலை இருக்கு

2021 ஜனவரி 1ஆம் திகதியில் இருந்து, சர்வதேச ட்ரெஸாஜ் போட்டிகளில் குதிரையேறுகிற எல்லோரும் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்று சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் விதி கொண்டுவந்தது. அதுவரைக்கும் பெரிய போட்டிகளில் அவர்கள் போட்டுக்கொண்டு வந்தது கறுப்பு உருளைத் தொப்பி. பழைய ஆங்கிலப் படங்களில் கனவான்மார் போட்டிருப்பார்களே, மேடையில் வித்தைக்காரர் முயல் எடுப்பாரே, அதேதான். வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை, தாடையில் கட்ட வாரும் இல்லை. ஆள் விழும்போது தலைக்கு முதல் தொப்பி பறந்துவிடும். அந்தத் தொப்பியைக் கழற்றுவதற்கு மனிதகுலத்துக்கு 2021 வரைக்கும் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கும் கண்ணீர் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ட்ரெஸாஜ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: குதிரையும் மனிதரும் சேர்ந்து செய்கிற ஒருவகை நடனம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. பாய்ச்சல் இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை. ஒரு செவ்வக மைதானத்துக்குள் குதிரை அடியெடுத்து வைக்கிற அழகுக்குப் புள்ளி. பார்க்க உண்மையிலேயே வடிவுதான். பிரச்சினையும் அங்கேதான் தொடங்குது.

"எங்களுக்கும் குதிரைக்கும் என்னடாப்பா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குதிரை என்றதும் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது நெடுந்தீவில் அலைகிற கட்டாக்காலிக் குதிரைகள், மிஞ்சிப்போனால் நுவரெலியா ட்ரிப்பில் ஏறி எடுத்த ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுக்குப் பிறகு வருவோம். அதற்கு முதல் இந்தத் தொப்பிக் கதையை முழுசாகப் பார்க்கவேண்டும். ஏனென்றால் அந்தஸ்து, பழக்கம், "வடிவா இருக்கோணும்" என்கிற ஆசை மூன்றும் சேர்ந்து ஒரு மண்டையோட்டை எப்படித் தோற்கடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

2010 மார்ச்சில் அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை புளோரிடாவில் ஒரு குதிரையைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் தன்னுடைய நாட்டுக்காகக் குதிரையேறியவர். அந்தக் குதிரை துள்ளவில்லை, மிரளவில்லை. தன்னுடைய காலில் தானே தடுக்கி விழுந்தது, அவ்வளவுதான். அவருடைய தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து, ஏறத்தாழ நான்கு வாரம் கோமாவில் கிடந்தார். பிறகு நடக்கவும் பேசவும் முதலில் இருந்து பழகவேண்டி வந்தது. உலகத்தின் சிறந்த குதிரையேறிகளில் ஒருவருக்கு, அவர் நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது நடந்தது இது. "அனுபவம் உள்ளவனுக்கு ஹெல்மெட் எதுக்கு" என்கிற பேச்சு அன்றைக்கே செத்திருக்கவேண்டும்.

சாகவில்லை. அவருடைய விபத்துக்குப் பிறகு ஹெல்மெட்டுக்கான பிரசாரம் பெரிதாகக் கிளம்பியது, விதிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகின. ஆனால் சம்மேளனம் ஒரு வாசலைத் திறந்தே வைத்தது: 26 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 7 வயதுக்குக் குறையாத குதிரையில் ஏறினால், போட்டியில் உருளைத் தொப்பி போடலாம். இதை நாங்கள் ரெண்டு மூன்று தரம் வாசித்துப் பார்த்தோம். 25 வயதில் உடையக்கூடிய மண்டை 26ஆவது பிறந்தநாள் கேக் வெட்டியதும் இறுகிவிடுமா? வயசு கூடக்கூட எலும்பு பலமாகும் என்று எந்த வைத்திய பீடத்தில் படிப்பிக்கிறார்கள்? அந்த விதிக்கு உடலோடு ஒரு சம்பந்தமும் இல்லை. சின்ன ஆக்களைக் கட்டாயப்படுத்தலாம், பெரிய ஆக்களின் கௌரவத்தைத் தொடக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். எங்கட வீடுகளில் தெரிந்த கதைதானே.

தொப்பிக்காக வாதாடியவர்கள் சொன்ன நியாயங்கள் மூன்று. ஒன்று, பாரம்பரியம். இரண்டு, நாங்கள் தடை தாண்டுவதில்லை, எங்களுக்கு ஆபத்து குறைவு. மூன்று, என்னுடைய தலை, என்னுடைய இஷ்டம்.

பாரம்பரியத்தை முதலில் எடுப்போம். ட்ரெஸாஜ் வருவது ஐரோப்பிய இராணுவக் குதிரைப்பயிற்சியில் இருந்து. போருக்குப் போன குதிரைவீரன் தலையில் என்ன போட்டான்? இரும்புத் தொப்பி. உருளைத் தொப்பி வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், நகரத்துப் பணக்காரர் ஃபஷனாக. அப்படிப் பார்த்தால் குதிரை மேல் கவசம் போடுவதுதான் பழைய பாரம்பரியம், பட்டுத்தொப்பி இடையில் வந்த ஸ்டைல். பாரம்பரியம் என்ற சொல்லை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், எந்த வருசத்தில் இருந்து எண்ணுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ. பெரும்பாலும் தாத்தாவோடு நின்றுவிடும்.

ஆபத்து குறைவு என்ற நியாயத்துக்குக் கணக்குப் போதும். பெரிய குதிரையில் இருக்கிற ஒரு ஆளின் தலை நிலத்தில் இருந்து ஏறத்தாழ 2.5 மீற்றர் உயரத்தில் இருக்கும். குதிரை சும்மா நிற்கிறது என்றே வைப்போம். அங்கிருந்து தலைகீழாக விழுந்தால் நிலத்தைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர். ஓ.எல். விஞ்ஞானப் பாடத்தில் படித்த சமன்பாடுதான், போட்டுப் பார்க்கலாம். தடை தாண்டத் தேவையில்லை, ஓடவும் தேவையில்லை. இதற்கு மேல் அரை தொன் எடையுள்ள விலங்கு ஒன்று அவருக்குப் பக்கத்தில் எழும்ப முயற்சிக்கும்.

குதிரைப்பந்தயக்காரர் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள் என்பதுதான் கூடுதல் கோபம். 1923இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றவர் கப்டன் பென்னெட். ஒரு வருசம் கூட ஆகவில்லை, வேறொரு பந்தயத்தில் விழுந்து, குதிரையின் குளம்பு தலையில் பட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்நாட்டின் தடைதாண்டல் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1924க்கும் 2021க்கும் இடையில் இருப்பது ஏறக்குறைய நூறு வருசம். அறிவியல் குறைவால் வந்த இடைவெளியா இது? பக்கத்து மைதானத்தில் விடை இருந்தது. எட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

மூன்றாவது நியாயம், "என்னுடைய இஷ்டம்". இதில் எங்களுக்கும் கொஞ்சம் அனுதாபம் இருக்கு. பிரித்தானியாவின் எலிசபெத் மகாராணி தொண்ணூறு தாண்டியும் தலையில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு குதிரையேறினார், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவரை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியவில்லை. ஆனால் இஷ்டம் என்பது தனி ஆளோடு நிற்பதில்லை. புள்ளி போடுகிற நடுவர் தொப்பியைத்தான் அழகு என்று பழகியிருந்தால், ஹெல்மெட் போட நினைக்கிற இளம் பிள்ளைக்கு என்ன இஷ்டம் மிஞ்சும்? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சார்லட் டுஜார்டின் தொப்பிக்காரர் நடுவே ஹெல்மெட்டோடு வந்து தங்கம் வென்றபோதுதான், "போட்டாலும் புள்ளி வரும்" என்று பலருக்கு நம்பிக்கை வந்தது. (அதே டுஜார்டின் ஒரு குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடிக்கிற வீடியோ வெளிவந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்து விலகினார், ஒரு வருசத் தடையும் வாங்கினார். மனிதத் தலையைக் காப்பாற்றுகிற விதிகள் இவ்வளவு மெதுவாக வந்தது என்றால் குதிரைக்கானவை எப்போது வரும் என்பது வேறொரு கட்டுரை.)

பெண்கள் விசயத்தில் இந்தக் கதை இன்னும் கேவலமானது. பல நூறு வருசங்களாக ஐரோப்பாவில் "மரியாதையான" பெண் குதிரையில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுத்தான் இருக்கவேண்டும். கால் விரித்து இருந்தால் அசிங்கமாம். அப்படி இருப்பதற்காகச் சேணத்தில் கொம்பு போன்ற பிடிகள் வைத்தார்கள், அவற்றில் காலைக் கொளுவிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நிலம் வரைக்கும் தொங்குகிற பாவாடை. விழுந்தால் பாவாடை அந்தக் கொம்பில் மாட்டும். பெண் தலைகீழாகத் தொங்குவாள், குதிரை மிரண்டு ஓடும், அவள் இழுபட்டுக்கொண்டு போவாள். இப்படிப் பெண்கள் செத்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதற்குத் தீர்வு கண்டுபிடித்தார்கள். என்ன தீர்வு என்று நினைக்கிறீர்கள்? மற்றப் பக்கமும் காலைப் போட்டு இருங்கோ என்று சொல்லவில்லை. "பாதுகாப்புப் பாவாடை" என்று ஒன்றைத் தைத்தார்கள். மாட்டினால் பொத்தான் கழன்று பிரிந்துவிடும். பிறகு அது முன்பக்கத்தை மட்டும் மூடுகிற ஏப்ரன் போல மாறியது, உள்ளே காற்சட்டை. வெளியே பார்ப்பவருக்குப் பாவாடை, விழுந்தால் காற்சட்டை. கண்டுபிடித்தவர்களின் மூளையை நாங்கள் குறை சொல்லவில்லை, அந்தத் துணி எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் கவனியுங்கோ: ஆபத்தை உண்டாக்கின விதி அப்படியே இருக்க, விதிக்கு ஏற்ற மாதிரி உடுப்பை மாத்தினார்கள். கம்பஸுக்குச் சாறி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக இருந்து வருகிற எங்கட தோழிகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முந்தானை சில்லில் சுத்தாமல் இருக்க ஒரு வலைக்கம்பி பூட்டுவார்கள். இரண்டு பக்கமும் காலைப் போடலாம் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

இனிக் கவசத்தைப் பற்றியே கொஞ்சம் பேசவேண்டும். எங்கட நாட்டில் ஹெல்மெட் என்றால் பொலிஸைக் காட்டி ஏமாற்றுகிற பொருள் என்றாகிவிட்டது. குதிரை ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது பெரும்பாலும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ரெஜிபோம் வகைதான், டிவிப் பெட்டிக்குள் வருமே, அதைவிட அடர்த்தியாக. வெளி ஓடு அடியைப் பரத்துகிறது, உள்ளே இருக்கிற நுரை நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுக்கிற அந்தச் சொற்ப நேரத்தில் தலையின் வேகம் கொஞ்சம் மெதுவாகக் குறையும், மூளைக்குப் போகிற அடி குறையும். அவ்வளவுதான் மந்திரம். ஆனால் நசுங்கிய நுரை திரும்பி வராது. ஒருமுறை நல்லா அடிபட்ட ஹெல்மெட் வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளே முடிந்துபோனது. குப்பையில் போடவேண்டும். தம்பிக்குக் குடுக்கக்கூடாது.

சைக்கிள் ஹெல்மெட்டை இதற்குப் பாவிக்கலாமா என்றால், பாவிக்கக்கூடாது. சைக்கிள்காரருக்குக் காற்றோட்டம் முக்கியம், அதனால் பெரிய பெரிய ஓட்டைகள். குதிரைக்கானது பின்மண்டையில் இன்னும் கீழே இறங்கி வரும், ஏனென்றால் குதிரையில் இருந்து ஆள் பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் விழுவான். சோதனையும் வேறு. அமெரிக்கத் தரநிலை ஒன்றில், தட்டையான பரப்பில் போட்டு அடிப்பதோடு விடாமல், குளம்பின் கூர் விளிம்பு போல ஒரு இரும்பின் மேலும் ஹெல்மெட்டை விழவைத்துப் பார்க்கிறார்கள். தலை சுழல்வதால் மூளைக்கு வருகிற காயத்தைக் குறைக்கிற ஒரு சறுக்கு அடுக்கு இப்போது சைக்கிள் ஹெல்மெட்டுகளில் மஞ்சள் ஸ்டிக்கரோடு வருகிறதே, மிப்ஸ் என்று, அந்தச் சுவீடன் நிறுவனத்தின் முதல் ஹெல்மெட் 2007இல் வந்தது, அது குதிரையேறிகளுக்கானது. குதிரை உலகம் பின்தங்கியது என்று சொல்லவும் முடியாது, பாருங்கோ. நுட்பம் முன்னால் ஓட, பட்டுத்தொப்பி பின்னால் நின்றது.

"கிறிஸ்டோபர் ரீவ் ஹெல்மெட் போட்டுத்தானே விழுந்தார், என்ன நடந்தது?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். சுப்பர்மேன் நடிகர். 1995 மே மாதம் வேர்ஜீனியாவில் ஒரு போட்டியில் குதிரை தடைக்கு முன்னால் சடாரென்று நின்றது, அவர் தலைகுத்தாக விழுந்தார். ஹெல்மெட்டும் போட்டிருந்தார், உடற்கவசமும் போட்டிருந்தார். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளும் உடைந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் போனது. ஹெல்மெட் கழுத்தைக் காப்பாற்றாது, உண்மை. அதற்காக அது செய்யப்படவும் இல்லை. ஆனால் அவருடைய மூளை தப்பியது. அதற்குப் பிறகு அவர் படம் இயக்கினார், புத்தகம் எழுதினார், முள்ளந்தண்டுக் காயங்களுக்கான ஆராய்ச்சிக்காக 2004இல் சாகும்வரை போராடினார். ஹெல்மெட் வீண் என்பதற்கு அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்த ஒன்பது வருசத்தையும் வாசிக்காதவர்கள்.

இப்ப நுவரெலியா.

கிரகரி வாவிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் சீசனில் குதிரைகள் வரிசையாக நிற்கும். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்ட ஆறு வயதுப் பிள்ளையைத் தகப்பன் தூக்கிச் சேணத்தில் வைப்பார், குதிரைக்காரர் கயிற்றைப் பிடிப்பார், அம்மா போனைத் தூக்குவார். நாங்கள் போன நேரங்களில் எந்தப் பிள்ளையின் தலையிலும் ஹெல்மெட் கண்டதில்லை. தலையை விடுங்கோ, காலைப் பாருங்கோ. செருப்பு. குதிரையேறுகிறவர்கள் குதி வைத்த சப்பாத்துப் போடுவது ஸ்டைலுக்கு இல்லை. அந்தக் குதிதான் கால் அங்கவடிக்குள் முழுசாகப் புகுந்து மாட்டாமல் தடுக்கிறது. செருப்பு வழுக்கும், கால் வளையத்துக்குள் கணுக்கால் வரைக்கும் போகும், பிள்ளை ஒரு பக்கம் சரிந்தால் கால் வெளியே வராது. பாவாடை கொம்பில் மாட்டின அதே விபத்துத்தான், 150 வருசம் கழித்து, வேறொரு உடுப்பில்.

இதற்குக் குதிரைக்காரரைத் திட்டுவது எங்கள் நோக்கம் இல்லை. சீசனுக்குச் சீசன் அந்தக் கொஞ்சக் காசில் குதிரைக்கும் தீனி போட்டு வீட்டுக்கும் குடுக்கிறவர்கள் அவர்கள். இந்த மலையில் துரைமார் குதிரையில் தோட்டம் சுற்றின காலத்தில் அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, சேணம் பூட்டி, பின்னால் ஓடினவர்கள் எங்கட ஆக்கள். துரை தலையில் சோலாத் தொப்பி இருந்தது, வெயிலுக்கு. குதிரைக்காரரின் காலில் என்ன இருந்தது? இன்றைக்கும் ஆபத்து ஏறியிருப்பவருக்கு மட்டும் இல்லை. உதை வாங்குவதும் மிதிபடுவதும் நிலத்தில் நின்று குதிரையைக் கையாளுகிறவர்தான். பாதுகாப்பு என்று பேச்சு வந்தால் அவர் ஒருபோதும் கணக்கில் வருவதில்லை.

பெற்றோரைத் திட்டலாமா? கொஞ்சம் திட்டலாம். செவ்வாய்க்கிழமை தவறாமல் கந்தசஷ்டி கவசம் சொல்கிற வீடுகள் எங்களுடையவை. உச்சி முதல் பாதம் வரை ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்லிக் கேட்கிறோம். சொல்லி முடித்த கையோடு சின்னவனை மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருத்தி, ஹெல்மெட்டைக் கைபிடியில் தொங்கவிட்டு, டியூஷனுக்குக் கொண்டுபோகிறோம். முருகன் என்ன செய்வார் பாவம்.

"கிராமத்துப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இப்படித்தானே ஏறுகிறார்கள்" என்று சொல்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகள் சேணமும் இல்லாமல் வெறுங்காலோடு பந்தயக் குதிரைகளில் ஏறுகிறார்கள். அதற்கும் பெயர் பாரம்பரியம்தான். பிள்ளைகள் விழுகிறார்கள், சிலர் செத்திருக்கிறார்கள், பந்தயம் நடக்கிறது. மொங்கோலியாவின் நாடம் திருவிழாவிலும் நீண்டதூரக் குதிரையோட்டத்தில் ஓடுவது பிள்ளைகள்தான், அங்கே குதிரை என்பது உயிர்மூச்சு. ஆனால் அங்கே சட்டம் குறைந்தபட்ச வயதைச் சொல்கிறது, தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மீறல்கள் நிறைய, வயதெல்லையே 7 என்பது எங்களுக்கு ஏற்றுக்கொள்ள முடியாதது. என்றாலும் குதிரையில் பிறந்து வளர்ந்த சமூகமே தலைக்குச் சட்டம் போடலாம் என்றால், வருசத்துக்கு ஒருமுறை போட்டோவுக்கு ஏறுகிற எங்களுக்கு என்ன சாட்டு?

ஆகவே எங்கட கோரிக்கையைச் சுருக்கமாகவே வைக்கிறோம். காசு வாங்கிக் குதிரையில் ஏற்றுகிற இடத்துக்கு அனுமதி குடுக்கிறவர்கள், அந்த அனுமதியோடு ஹெல்மெட்டையும் கட்டாயமாக்கவேண்டும். குதிரையேற்றத்துக்கான தரநிலை முத்திரை உள்ளே ஒட்டியிருக்கிற ஹெல்மெட், மூன்று அளவுகளில், தாடை வாரோடு. விலையைக் குதிரைக்காரரின் தலையில் கட்டக்கூடாது. சீசனில் வாகனத் தரிப்பிடத்துக்கு வாங்குகிற காசில் ஒரு பங்கு போதும். அடிபட்டதைத் தூக்கி எறிய ஒரு ஆள் பொறுப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே செத்துப்போன ஹெல்மெட்டுகளையே பிள்ளைகளுக்கு மாத்தி மாத்திப் போடுவோம். செருப்போடு வருகிற பிள்ளையின் காலை அங்கவடிக்குள் விடாமல் தொங்கவிட்டு, கயிறு பிடித்து, நடையிலேயே கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்தப் பட்டியலில் கயிறு பிடிக்கிறவருக்கு முன்பக்கம் இரும்பு வைத்த ஒரு சோடி சப்பாத்தையும் சேர்த்துவிடுங்கோ. குதிரை முதலில் மிதிக்கிறது அவருடைய காலைத்தான்.